மதியின் மறுபக்கம்: ஓர் இசைத்தொகுப்பின் நிலைபேறு

முன்னுரை

தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு 'நிலைபேறு' என்பது புதிய சொல் அன்று. ஒரு காலத்தில் எழுதப்பெற்ற நூல்களுள் மிகச் சிலவே அக்காலத்தைக் கடந்து வாழ்கின்றன. ஏனையவை தோன்றிய தலைமுறையோடே மறைந்துபோகின்றன. எஞ்சி நின்றவற்றைக் காத்த பண்பு யாது என்னும் வினா திறனாய்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இவ்வினாவை நாம் பெரும்பாலும் பழைய நூல்களை முன்வைத்தே எழுப்புகிறோம். அவற்றைப் பொறுத்தவரை காலம் தன் தீர்ப்பை முன்னரே வழங்கிவிட்டது. அண்மைக் காலப் படைப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, அஃது ஏன் ஐம்பது ஆண்டுகளாக மங்காது நிற்கிறது என ஆராய்வது சற்றுக் கடினமான பயிற்சி. அப்பயிற்சிக்குரிய பொருளாக, 1973ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' என்னும் இசைத்தொகுப்பை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. 'நிலவின் இருண்ட பக்கம்' என்பது இத்தலைப்பின் பொருள். இதனைப் படைத்தோர் 'பிங்க் ஃபிளாய்டு' என்னும் இலண்டன் இசைக்குழுவினர்.

தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று மூத்தோர் வினவலாம். இசையைக் குறித்து மார்க்க அறிஞரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் கருத்து வேறுபாடுகளை நாம் அறிவோம். அவற்றுள் புகுவது நம் நோக்கமன்று. எனினும், நம் மாணவர் பலர் காதில் ஒலிக்கருவியைச் செருகியவாறே வகுப்பறை வாயில்வரை வருகின்றனர். அவர்கள் கேட்பது யாது என்று அறியாமல், 'கேளாதே' என்று மட்டும் கூறுதல் ஆசிரியர்க்கு அழகாகாது. அவர்கள் விரும்பிக் கேட்பதில் விலைமதிப்புள்ளது எது, வெறும் இரைச்சல் எது எனப் பகுத்துணரக் கற்பிப்பதே நம் கடன். அக்கருத்தோடு எழுதப்பெறுவது இக்கட்டுரை.

குழுவும் காலமும்

1960களின் இறுதியில் இங்கிலாந்தில் 'புரோகிரசிவ் ராக்' என்னும் இசைவகை எழுந்தது. இதனை 'முற்போக்கு ராக்' என மொழிபெயர்த்தால், தமிழில் அச்சொல்லுக்கு ஏறியுள்ள அரசியல் பொருளும் உடன் வந்துவிடும். ஆதலின் 'வளர்முக ராக்' என்று வழங்குதல் பொருந்தும். மூன்று நிமிடத் தனிப்பாடலே அதுவரை வாணிகத்தின் அளவுகோலாக இருந்தது. அவ்வளவை மீறி, இசைத்தட்டின் முழுப்பரப்பையும் ஒரே படைப்பாகக் கொள்ளுதல், நீண்ட கருவியிசை, சிக்கலான தாளம், மேலை மரபிசையின் சாயல் ஆகியன இவ்வகையின் இயல்புகள். 'கிங் கிரிம்சன்', 'எஸ்', 'ஜெனிசிஸ்' முதலிய குழுக்கள் இவ்வழியில் புகழ்பெற்றன.

பிங்க் ஃபிளாய்டு 1965இல் உருவானது. ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்டு ரைட் ஆகிய மூவரும் இலண்டன் ரீஜென்ட் தெருப் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலை பயிலச் சேர்ந்தவர்கள். அவர்களோடு இணைந்த ஓவிய மாணவர் சிட் பாரெட் என்பாரே தொடக்கத்தில் குழுவின் உயிராக இருந்தார். பாடல்களைப் புனைந்தவரும் முதன்மையாகப் பாடியவரும் அவரே. 1967இல் முதல் தொகுப்பு வெளிவந்த சில திங்களுக்குள் அவர் மனநலம் சிதைந்தது. போதைப்பொருள் பழக்கமும் அதற்குத் துணை நின்றது. மேடையில் இசைக்கவும் இயலாத நிலைக்கு அவர் சென்றபோது, டேவிட் கில்மோர் குழுவில் சேர்க்கப்பெற்றார். 1968இல் பாரெட் விலகினார். இந்நிகழ்ச்சியை மனத்திற் கொள்ளாமல் நாம் ஆராயும் தொகுப்பை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

புதிய படைப்பினை இவர்கள் முதலில் ஒலிப்பதிவுக்கூடத்திற்குக் கொண்டுசெல்லவில்லை. மக்கள் முன் மேடையில் இசைத்துப் பார்த்தனர். 1972 சனவரியில் பிரைட்டன் நகரில் நிகழ்ந்த முதல் அரங்கேற்றம், கருவிக் கோளாற்றால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எனினும் அவ்வாண்டு முழுவதும் இசைத்து, திருத்தி, கழித்து, சேர்த்து வந்தனர். அதே தலைப்பில் வேறொரு குழுவின் தொகுப்பு 1972இல் வெளிவந்தமையால், இடையில் சிறிது காலம் 'கிரகணம்' எனப் பொருள்படும் 'எக்லிப்ஸ்' என்ற பெயரையும் வைத்துக்கொண்டனர். 1972இன் நடுப்பகுதி முதல் 1973இன் தொடக்கம் வரை, இலண்டன் அபே சாலையில் இருந்த இ.எம்.ஐ. ஒலிப்பதிவுக்கூடத்தில் இப்பணி நடைபெற்றது. நம் புலவர் தம் நூலை அவையில் அரங்கேற்றி, குற்றம் களைந்து வெளியிட்ட முறையை இஃது ஒருவாறு ஒத்திருப்பதனை மாணவர் கருதுக.

பெயர்ப்பொருள்

நிலவு தன்னைத்தான் சுற்றும் காலமும் பூமியைச் சுற்றும் காலமும் ஒன்றே, ஏறத்தாழ 27.3 நாள். ஆதலின் அதன் ஒரு முகமே என்றும் நமக்குத் தெரிகிறது. மறுமுகத்தை 1959இல் சோவியத்தின் 'லூனா 3' படம் எடுத்து அனுப்பும்வரை மனிதர் கண்டதில்லை. 1968 டிசம்பரில் 'அப்பல்லோ 8' பயணியரே அதனை முதன்முதலாக நேரிற் கண்டனர். இத்தொகுப்பு உருவான 1972இன் டிசம்பரில் அப்பல்லோ வரிசையின் இறுதிப் பயணமான 'அப்பல்லோ 17' நிகழ்ந்தது. நிலவைப் பற்றிய பேச்சு எங்கும் நிறைந்திருந்த காலம் அது.

ஆயினும் இத்தொகுப்பு வானியல் பற்றியதன்று. மேலை நாட்டார் பித்துக்கும் நிலவுக்கும் தொடர்பு கற்பித்தவர்கள். ஆங்கிலத்தில் பித்தரைக் குறிக்கும் 'லூனட்டிக்' என்னும் சொல்லே நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. தமிழில் இதற்கு இணையான ஒரு நயம் இயல்பாகவே அமைந்துள்ளது. நிலவும் மதி; அறிவும் மதி. வேர் வேறாயினும் வடிவம் ஒன்று. 'மதியின் மறுபக்கம்' என்று இத்தலைப்பை நாம் பெயர்த்தால், மூலத்தில் மறைந்துள்ள பொருள் தமிழில் வெளிப்பட்டுவிடுகிறது. பிறர் காணாத நம் மனத்தின் பக்கம் என்பதே அப்பொருள். இக்கட்டுரையின் தலைப்பும் அக்காரணம் பற்றியதே.

தொகுப்பின் அமைப்பு

பத்துப் பகுதிகள், ஏறத்தாழ 43 நிமிடங்கள். இசைத்தட்டின் பக்கத்திற்கு ஐந்தாக அவை பகுக்கப்பெற்றுள்ளன. ஒரு பக்கத்துள் பகுதிக்கும் பகுதிக்கும் இடையே பெரும்பாலும் இடைவெளி இல்லை. ஒன்றன் முடிவு மற்றொன்றன் தொடக்கத்தோடு கலந்துவிடுகிறது.

முழு அமைதியிலிருந்து ஓர் இதயத்துடிப்பு மெல்ல எழுகிறது. உண்மையில் அது முரசின் ஓசையை அடக்கி ஆக்கப்பெற்றது. அத்துடிப்பின் மேல் கடிகார ஓசை, நாணய ஓசை, சிரிப்பு, அலறல் எனப் பின்னால் வரவிருப்பன எல்லாம் ஒரு நிமிடத்துள் வந்து போகின்றன. நூலின் பொருளை முன்னரே தொகுத்துரைக்கும் பாயிரத்தின் தொழிலை இம்முதற்பகுதி செய்கிறது. அதனையடுத்து, மூச்செடுத்தலைப் பெயராகக் கொண்ட 'பிரீத்' வருகிறது. பிறப்பு, ஓட்டம், காலம், இறப்பு என முதற்பக்கம் செல்கிறது. பொருள், பகை, மதிமயக்கம், கிரகணம் என இரண்டாம் பக்கம் செல்கிறது. எல்லாம் முடிந்தபின் எஞ்சுவது முதலிற் கேட்ட அதே இதயத்துடிப்பு. அதுவும் மெல்ல மங்கி அமைதியில் ஒடுங்குகிறது.

அந்தாதி இலக்கியத்தில் இறுதிச் செய்யுளின் முடிவு முதற் செய்யுளின் தொடக்கத்தோடு வந்து பொருந்துவதை 'மண்டலித்தல்' என்பர். இத்தொகுப்பும் மண்டலித்து முடிகிறது. மண்டலித்த படைப்புக்கு ஒரு தனிப்பண்பு உண்டு. அதன் முடிவு கேட்போரை மீண்டும் தொடக்கத்திற்கே அழைத்துச் செல்லும். ஒருமுறை கேட்டவர் மறுமுறையும் கேட்பதற்கு இவ்வமைப்பே ஒரு காரணம். 'காலம்' பற்றிய பாடலின் இறுதியில், மூச்சைப் பற்றிய முன்னைய மெட்டுத் திரும்பவும் வருவதும் இவ்வொருமையைக் காக்கும் உத்தியாகும்.

பாடுபொருள்

வாட்டர்ஸ் ஒருவரே எல்லாப் பாடல்களையும் எழுதிய முதல் தொகுப்பு இது. மனிதரை நெருக்கி நிலைகுலையச் செய்யும் ஆற்றல்கள் எவை என்பதே அவர் எடுத்துக்கொண்ட பொருள். அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

(அ) காலம்

'டைம்' என்னும் பகுதி, பல கடிகாரங்கள் ஒருங்கே மணியடிக்கத் தொடங்குகிறது. ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ், பழங்கடிகாரக் கடை ஒன்றில் அவற்றைத் தனித்தனியே பதிவு செய்து வைத்திருந்தார். பாடலின் கருத்து இதுதான்: இளமையில் நாள்களை எண்ணாது கழித்தவன், தொடக்கத்தை எதிர்நோக்கியே இருந்தவன், தொடக்கம் எப்போதோ நிகழ்ந்துவிட்டதை ஒருநாள் உணர்கிறான். இதனை எழுதியபோது வாட்டர்ஸ் முப்பது வயதை எட்டாதவர். வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருப்பதாக அதுவரை எண்ணியிருந்ததாகவும், நடந்துகொண்டிருப்பதே வாழ்க்கை எனத் திடீரென உணர்ந்ததாகவும் அவர் பின்னர்க் கூறியுள்ளார். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எண்ணும் மாணவர் எவரும் இக்கருத்தை எளிதில் உணர்வர். அவ்வெண்ணத்தைப் பணியோய்வு வரை சுமந்து வரும் ஆசிரியரும் உணர்வர்.

(ஆ) இறப்பு

இறப்பைப் பற்றிய பகுதிக்குத் தொடக்கத்தில் சொற்கள் இருந்தன. 1972ஆம் ஆண்டு மேடைகளில் ரைட்டின் இசையோடு விவிலிய வாசகங்கள் ஒலிநாடாவில் ஒலிபரப்பப்பட்டன. பின்னர் அவற்றை நீக்கிவிட்டு, 1973 சனவரியில் கிளேர் டோரி என்னும் இளம் பாடகியை அழைத்தனர். சொல் எதுவும் இல்லை. இறப்பை நினைத்துப் பாட வேண்டும் என்பது மட்டுமே அவருக்குக் கூறப்பட்டது. தம் குரலையே ஒரு கருவியாகக் கொண்டு அவர் பாடினார். அரற்றல், மறுப்பு, தளர்ச்சி, அடங்கல் என மெய்ப்பாடுகள் அடுத்தடுத்து வருகின்றன. சொல்லின்றியே அழுகைச் சுவை முழுமை பெறும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது. இறந்தார்க்கு இரங்குவோர் வாயில் இறுதியில் சொல் நிற்பதில்லை. குரல் மட்டுமே நிற்கிறது. அவ்வுண்மையை இப்பகுதி தொட்டுவிட்டது.

அப்பாடகிக்கு அன்று கொடுக்கப்பட்ட கூலி 30 பவுன். தாம் பாடியது பயன்படாது என்றே எண்ணி அவர் வீடு திரும்பினார். மெட்டை ஆக்கியதில் தமக்கும் பங்குண்டு எனக் கோரி 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் நீதிமன்றத்திற்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. ரைட்டோடு இணையாசிரியராக அவர் பெயரும் சேர்க்கப்பெற்றது. உழைத்தவர் பெயர் ஏறுவதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆயின. பொருளாசையை இகழும் ஒரு படைப்பிலேயே இது நிகழ்ந்தது என்பதனை நாம் மறைத்தல் தகாது.

(இ) பொருள்

இரண்டாம் பக்கம் 'மனி' என்னும் பாடலோடு தொடங்குகிறது. நாணயம் விழுதல், தாள் கிழித்தல், கடைக் கல்லாப்பெட்டி திறத்தல் முதலிய ஓசைகளை ஒலிநாடாவில் தனித்தனியே பதிந்து, நாடாவை அளந்து நறுக்கி, வளையமாக ஒட்டிச் சுழலவிட்டனர். கணினி இல்லாத காலத்தில் கத்தரியும் அளவுகோலுமே கருவிகள். நாணய ஓசைக்காக வாட்டர்ஸ் தம் மனைவியின் மட்பாண்டத் தொழிற்கூடத்தில் கலவைக் கிண்ணம் ஒன்றில் காசுகளை எறிந்து பதிவு செய்தார். பாடல் ஏழெண்ணிக்கைத் தாளத்தில் நடக்கிறது. நம் இசைநூலார் 'மிச்ரம்' என்பது இதற்கு நெருங்கியது. மேலை நாட்டு மக்கள் பாடல்கள் பெரும்பாலும் நான்கெண்ணிக்கையில் நடப்பவை. அச்செவிகளுக்கு ஏழு என்பது ஒரு கால் குட்டையான நடை. ஓயாமல் முன்னே இடறிச் செல்வது போன்ற உணர்வைத் தரும். பொருளின் பின் ஓடுவோன் நடையும் அத்தகையதே. கிதார்த் தனியிசையில் மட்டும் தாளம் நான்காக மாறிப் பின் ஏழுக்கே மீள்கிறது.

திருக்குர்ஆனில் பொருளைப் பெருக்கும் வேட்கையைப் பேசும் 'அத்தகாஸுர்' 102ஆம் அத்தியாயமாகவும், காலத்தின் பெயரால் அமைந்த 'அல்அஸ்ர்' 103ஆம் அத்தியாயமாகவும் அடுத்தடுத்து நிற்பதை நம் மாணவர் அறிவர். பொருளும் காலமும் மனிதரை ஏமாற்றுவன என்னும் எச்சரிக்கை எல்லாச் சமுதாயத்திற்கும் பொதுவானது. வேறுபாடு யாதெனில், மறைநூல் எச்சரித்தபின் வழியையும் காட்டுகிறது. இத்தொகுப்போ வினாவை எழுப்புவதோடு நின்றுவிடுகிறது.

(ஈ) நாங்களும் அவர்களும்

'அஸ் அண்டு தெம்' என்னும் பாடலின் மெட்டினை ரைட் முதலில் இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 1970ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்காக அமைத்தார். இயக்குநர் அதனை ஏற்கவில்லை. ஒதுக்கப்பட்ட மெட்டே பின்னர் இத்தொகுப்பின் மிக நீண்ட பாடலாயிற்று. போர்முனையில் பின்னிற்போர் ஆணையிட முன்னிற்போர் மடிவதைப் பாடல் கூறுகிறது. வாட்டர்சின் தந்தை 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் உயிரிழந்தார். அப்போது மகனுக்கு வயது ஐந்து திங்கள். ஆதலின் இஃது ஏட்டறிவால் எழுந்த பாடல் அன்று.

இத்தலைப்பைத் தமிழாக்கும்போது ஓர் இலக்கண நுட்பம் புலப்படுகிறது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மை ஒன்றே. கேட்போரை உளப்படுத்தும் 'நாம்', கேட்போரை விலக்கும் 'நாங்கள்' என்ற வேறுபாடு அம்மொழியில் இல்லை. தமிழில் இப்பாடலின் பெயரை 'நாங்களும் அவர்களும்' என்றே பெயர்க்க வேண்டும். ஏனெனில் 'அவர்கள்' என்று ஒரு சாராரைத் தள்ளி நிறுத்தும் வாய்க்கு 'நாங்கள்' என்பதே உரிய சொல். உலகப் பகைமைகளுட் பெரும்பாலன இவ்விரு சொற்களுக்குள் அடங்கும். எளிய மனிதராகிய இருசாராரும் ஒருவரே என்பது பாடலின் கருத்து. அதாவது, 'நாங்கள்' என்பது 'நாம்' ஆக வேண்டும் என்பதே அது வேண்டுவது. மூலமொழியில் சொல்ல வாயில்லாத இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவர் ஓர் எழுத்தளவில் உணர்ந்துகொள்ள இயலும்.

(உ) மதிமயக்கம்

இறுதிக்கு முந்தைய பகுதியாகிய 'பிரெயின் டேமேஜ்' மனம் சிதைந்த ஒருவனைப் பாடுகிறது. அவன் முதலில் வெளியே நிற்கிறான். பின் வீட்டினுள் வருகிறான். முடிவில் பாடுவோன் தலைக்குள்ளேயே இருக்கிறான். பித்தன் யாரோ ஒருவன் அல்லன். எவருள்ளும் அவன் இருக்கக்கூடும் என்பது இதன் உட்பொருள். சிட் பாரெட்டை நினைந்து எழுதப்பெற்ற பாடல் இது. தோழனை இகழாது, 'உன்னை நான் அங்கே சந்திப்பேன்' என்னும் உடன்பாட்டுணர்வு இதில் உண்டு. 1975 ஜூனில் இக்குழுவினர் அடுத்த தொகுப்பைப் பதிந்துகொண்டிருந்த கூடத்திற்கு, உடல் பருத்துத் தலையும் புருவமும் மழித்த ஒருவர் வந்து நின்றார். அவர் பாரெட் என்பதைப் பழைய தோழர்களே முதலில் அறிந்துகொள்ளவில்லை. அவர் கேம்பிரிட்சு நகரில் ஒதுங்கி வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

இவ்விடத்தில் மாணவர்க்கும் பெற்றோர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். வகுப்பில் திடீரெனப் பேச்சொடுங்கிய மாணவனை, வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மகளை 'கிறுக்கு' என்ற ஒரு சொல்லால் முத்திரையிட்டு விலக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மனநோயும் உடல்நோய் போன்ற நோயே. மருத்துவரை நாடத் தயங்குதல் ஆகாது. இருபத்தொரு வயதில் புகழின் உச்சியில் நின்ற ஒருவர் ஓராண்டுக்குள் தம்மை இழந்தார். சுற்றியிருந்தோர்க்கு அப்போது செய்வதறியாத நிலை. அவ்வறியாமையின் வருத்தமே இப்பாடலாயிற்று.

பொதுமக்கள் குரல்

இத்தொகுப்பின் மற்றொரு சிறப்பு, இதில் ஆங்காங்கே கேட்கும் பேச்சுக்குரல்கள். வாட்டர்ஸ் அட்டைகளில் வினாக்களை எழுதி, கூடத்திற்கு வந்து சென்றோரை ஒருவர்பின் ஒருவராக விடையளிக்கச் செய்தார். சாவுக்கு அஞ்சுகிறீரா, கடைசியாக எப்போது பிறரை அடித்தீர், அது நியாயந்தானா என்பன போன்றவை அவ்வினாக்கள். இசைக்குழுவின் பணியாளர், அவர்தம் துணைவியர், அபே சாலைக் கூடத்தின் வாயிற்காவலர் எனப் பலரும் விடையளித்தனர். பக்கத்துக் கூடத்தில் பணியாற்றிய பால் மக்கார்ட்னியும் விடையளித்தார். உலகப் புகழ்பெற்ற அவர் விடை சேர்க்கப்படவில்லை. ஜெரி ஓ'டிரிஸ்கால் என்னும் அயர்லாந்துக்கார வாயிற்காவலரின் விடை சேர்க்கப்பெற்றது. புகழாளர் எச்சரிக்கையோடு பேசினார். காவலரோ உள்ளதை உள்ளவாறு பேசினார் என்பதே காரணம். தொகுப்பின் இறுதிச் சொற்களும் அக்காவலருடையனவே. நிலவுக்கு இருண்ட பக்கம் எனத் தனியே ஒன்று இல்லை என்பது அவற்றின் கருத்து. ஒரு பெரும்படைப்பின் முடிவுரையை வாயிற்காவலர் வாயில் வைத்த துணிவு பாராட்டத்தக்கது. இக்குரல்களே தொகுப்பை ஒரு குழுவின் தனியுடைமை ஆகாமற் காத்து, பொதுமக்களின் உரையாடலாக மாற்றுகின்றன.

முகப்போவியம்

எளிமையாக ஒன்று வேண்டும் என ரைட் கேட்டதற்கிணங்க, 'ஹிப்னோசிஸ்' என்னும் நிறுவனத்தைச் சார்ந்த ஸ்டார்ம் தோர்கர்சன், ஆப்ரி பவல் ஆகியோர் முகப்பை வடிவமைத்தனர். வரைந்தவர் ஜார்ஜ் ஹார்டி. கருநிறப் பின்புலத்தில் ஒரு முப்பட்டகம். அதனுள் வெள்ளொளி நுழைந்து நிறங்களாய்ப் பிரிகிறது. குழுவின் பெயரோ படமோ ஓவியத்தில் இல்லை. உற்று நோக்கின் நிறங்கள் ஆறே, கருநீலம் விடப்பட்டுள்ளது. உறையின் உட்புறத்தில் நிறக்கற்றை இதயத்துடிப்பின் கோட்டோடு தொடர்கிறது. பின்புறத்தில் தலைகீழான முப்பட்டகத்தில் வந்து மீண்டும் ஒடுங்குகிறது. இசை மண்டலித்தது போலவே ஓவியமும் மண்டலிக்கிறது.

நிலைபேற்றின் சான்றுகள்

அமெரிக்காவின் 'பில்போர்டு' இதழ்ப் பட்டியலில் இத்தொகுப்பு முதலிடத்தில் இருந்தது 1973 ஏப்ரலில் ஒரே ஒரு வாரம். ஆனால் 1973 முதல் 1988 வரை அப்பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது. முதலிடம் பெறுதல் வேறு, நிலைத்தல் வேறு என்பதை இவ்விரு எண்களே விளக்கும். உலகெங்கும் 4 கோடியே 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றதாக மதிப்பிடுவர். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பேணிக் காக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் 2012ஆம் ஆண்டுத் தேர்வில் இதனையும் சேர்த்தது. 2003இல் 'ஈசி ஸ்டார் ஆல்-ஸ்டார்ஸ்' என்னும் குழு இதனை முழுமையாக ரெகே இசையில் மாற்றி அமைத்தது. 2023இல், எண்பது வயதை எட்டிய வாட்டர்ஸ், இளமையில் எழுதிய அதே பாடல்களை முதுமைக் குரலில் மீண்டும் பதிந்து வெளியிட்டார். உரை பல காணும் மூலநூலின் நிலையை இது பெற்றுவிட்டது எனலாம்.

தடைகளும் விடைகளும்

இதன் புகழ் ஒலிநுட்பத்தால் வந்ததே. புதிய ஒலிக்கருவி வாங்கியோர் அதனைச் சோதிக்கவே இதனை வாங்கினர் என்பர் ஒரு சாரார். அதில் உண்மை உண்டு. ஆயின் அன்றைய நுட்பம் பதினாறு தடங்கொண்ட ஒலிநாடாவே. அது பழையதாகிப் பல்லாண்டுகள் ஆயின. நுட்பம் மட்டுமே காரணமாயின் நுட்பத்தோடு இதுவும் மறைந்திருக்க வேண்டும்.

சொற்கள் மிக எளியன, ஆழமற்றவை என்பது மற்றொரு தடை. எளிமை உண்மை, ஆழமின்மை உண்மையன்று. இத்தொகுப்பில் சொல் பாதிப் பொருளையே தருகிறது. மறுபாதியைக் கடிகாரமும் காசும் மூச்சும் துடிப்பும் தருகின்றன. எஞ்சியதைக் கேட்போரே நிரப்பிக்கொள்ள இடம் விடப்பட்டுள்ளது.

பொருளாசையைப் பழித்தோர் அப்பழிப்பாலேயே பெருஞ்செல்வர் ஆயினர் என்பது மூன்றாவது தடை. இதற்கு விடை கூறுதல் எளிதன்று. 1985இல் வாட்டர்ஸ் விலகினார். குழுவின் பெயர் யாருக்குரியது என்ற பிணக்கு எழுந்தது. 'நாங்களும் அவர்களும்' எனப் பாடியவர்களே இரு சாராராயினர். 2005 ஜூலையில் இலண்டன் ஹைடு பூங்காவில், வறுமை ஒழிப்பை முன்னிட்டு நடந்த 'லைவ் 8' நிகழ்ச்சியில் நால்வரும் ஒருமுறை ஒன்றுகூடி இசைத்தனர். 2008இல் ரைட் மறைந்தார். படைத்தோர் தம் படைப்பின் உயரத்தில் வாழவில்லை என்பது குறையே. ஆயினும், பாடல் கூறிய உண்மையை அவர்தம் வாழ்வே மெய்ப்பித்துவிட்டது என்றும் கொள்ளலாம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. காலம், இறப்பு, பொருள், பகை, மனச்சிதைவு ஆகிய பாடுபொருள்கள் எந்நாட்டார்க்கும் எத்தலைமுறையினர்க்கும் பொதுவானவை. இத்தொகுப்பு தன் காலத்துச் செய்திகளைப் பாடவில்லை. ஆதலின் செய்தியோடு மறையவில்லை.

2. பத்துப் பகுதிகளும் ஓருயிராய் மண்டலித்து நிற்கும் கட்டமைப்பு, மீண்டும் மீண்டும் கேட்கத் தூண்டுகிறது.

3. மக்கள் முன் இசைத்து ஓராண்டு திருத்திய உழைப்பு இதில் உண்டு. எழுதிய அன்றே அச்சேற்ற விழையும் நம் இளங்கவிஞர் கருதத்தக்கது இது.

4. சொல் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, குரலுக்கும் ஓசைக்கும் அமைதிக்கும் இடங்கொடுத்த அடக்கம் இதன் தலையாய பண்பு.

5. தம் தோழர் ஒருவரின் வீழ்ச்சியை மறைக்காமலும் இகழாமலும் பாடிய உண்மை, இதன் அடியில் ஓடும் உயிர்நீர்.

நிலையாமையைப் பாடுவது தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியம் காஞ்சித்திணை வகுத்தது. திருக்குறள் 34ஆம் அதிகாரத்தை அதற்கென ஒதுக்கியது. நிலையாமையைப் பாடிய படைப்புகளே நிலைபெறுகின்றன என்பது இலக்கிய வரலாறு காட்டும் ஒரு விந்தை. கடல் கடந்த மற்றொரு மொழியில், மின்கருவிகளின் துணையோடு, முப்பது வயதை எட்டாத இளைஞர் சிலர் அவ்வரிசையில் சேர்ந்துள்ளனர்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி கூறி அமைவோம். நீங்கள் விரும்பிக் கேட்கும் ஒரு பாடலை எடுத்துக்கொள்ளுங்கள், எம்மொழியாயினும் ஆகுக. அதன் பாடுபொருள், அமைப்பு, சொல், ஓசை ஆகியவற்றை மேற்கண்டவாறு பகுத்து எழுதிப் பாருங்கள். ஒரு பக்கம்கூட எழுத இயலவில்லையாயின், அப்பாடல் உங்கள் நேரத்தைக் கவர்ந்துகொண்டு எதையும் திருப்பித் தரவில்லை என்று பொருள். எழுத எழுத வளருமாயின், அதனை உங்கள் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் காட்டுங்கள். அவர்களும் கேட்டறிய விழைவர். அறிய விழையும் மூத்தோரும் சொல்ல விழையும் இளையோரும் கூடும் இடத்தில் 'நாங்கள்' என்பது 'நாம்' ஆகும்.